அணையைப் பிரித்து விற்ற பீவர்

வடக்கே ஒரு பனிக்காட்டில் மரப்பல்லன் என்ற பீவர் வாழ்ந்தது. பல்லால் மரத்தை அறுத்து, கட்டைகளை ஓடைக்குக் குறுக்கே அடுக்கி அணை கட்டும் பிராணி அது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் குளமானது. குளத்தின் நடுவே அதன் வீடு. வாசல் மட்டும் தண்ணீருக்கு அடியில்!

கரையில் திரிந்த ஓநாய்க்கு வீடு தெரியும், வாசல் தெரியாது. நாக்கைத் தொங்கப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே மனைவி நீரழகியும் குட்டிகளும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு நாள் நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. காட்டு விலங்குகளுக்குச் சொத்து ஆலோசனை சொல்வதுதான் அதன் பிழைப்பு. யார் எதை விற்றாலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

"மரப்பல்லா, சேதி கேட்டியா? கட்டையை வித்தா கிடைக்கிற கிழங்குல மூணுல ஒரு பங்குதான் இதுவரைக்கும் கரடி ராஜாவுக்கு வரி. முதல் பனி விழுந்ததும் மூணுல ரெண்டு பங்காம்!"

மரப்பல்லன் பதறிக் கேட்டது.

"ஐயோ! அப்போ என் குட்டிகளுக்கு என்ன மிஞ்சும்?"

"அதனாலதான் சொல்றேன், இப்பவே வித்துடு! காடே வித்துக்கிட்டிருக்கு!"

நீரழகி குறுக்கே வந்தாள். "என்னங்க, நாம எப்போ கட்டையை விக்கப் போறோம்னு சொன்னோம்? விக்காதவங்ககிட்ட ராஜா எதுவும் கேட்கறதில்லையே!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு!"

பயம் பிடித்தவன் காதில் நல்ல பேச்சு ஏறுமா? ஏறவில்லை. அன்றே மரப்பல்லன் அணையிலிருந்து கட்டைகளை உருவத் தொடங்கியது. முள்ளம்பன்றிகள் கிழங்கு கொடுத்து அவற்றை வாங்கிப் போயின. ராஜாவின் பங்கு போனது. நரியின் பங்கும் போனது. குளத்துத் தண்ணீரும் அணையின் ஓட்டை வழியே போய்க்கொண்டே இருந்தது.

"வாசலோட மேல் விளிம்பு வெளியே தெரியுதுங்க! நிறுத்துங்க!" என்று நீரழகி அலறினாள்.

"இன்னும் கொஞ்சம்தான்! பனி விழறதுக்குள்ள முடிச்சுடணும்!" மரப்பல்லனின் கை நிற்கவில்லை.

பனி விழுந்தது. அன்று காலை ராஜாவின் தூதன் காகம் காடு முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தது. "வரி உயர்வு ரத்து! ராஜா மனசை மாத்திக்கிட்டார்! பழைய வரிதான்!"

மரப்பல்லன் நரியிடம் ஓடியது. "என்னை இப்படிக் கெடுத்துட்டீங்களே!"

"நான் வந்த சேதியைச் சொன்னேன். ரத்தாகும்னு கனவா கண்டேன்?" என்றது நரி. "கட்டையைத் திரும்ப வாங்கணும்னா சொல்லு, முடிச்சுத் தரேன். என் பங்கு அதே பங்குதான்!"

மரப்பல்லன் திரும்பி வந்தது. குளம் இருந்த இடத்தில் உறைந்த சேறுதான் இருந்தது. வாசல் பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. வீட்டுக்குள் மூட்டை மூட்டையாகக் கிழங்கு. அதைத் தின்னும் ஆசை யாருக்கும் இல்லை. குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்கின.

பொழுது சாயும் நேரம். வெளியே சேற்றுப் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது.

"எத்தனை வருஷமா இந்த வாசலைத் தேடினேன் தெரியுமா!" என்றது ஓநாய். "நீயே காட்டிட்டியே, மரப்பல்லா!"

"நீரழகி! பின்சுவரைக் கடி! குட்டிகளைத் தூக்கிக்கிட்டு ஓடு!" என்று கத்தியபடி மரப்பல்லன் வாசலை அடைத்து நின்றது.

நீரழகி சுவரைக் கடித்துத் துளைத்து, குட்டிகளோடு ஓடையின் ஆழமான மடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து வீட்டைப் பார்த்தபடியே இருந்தாள். வெகுநேரம் கழித்து அந்த வாசலிலிருந்து வெளியே வந்தது ஓநாய் மட்டும்தான்.

வருமோ வராதோ என்று தெரியாத வரிக்குப் பயந்து விற்கத் தேவையில்லாததை விற்பவர், தம்மைக் காத்து நின்றதையே இழந்து போவார்.