கோணப்பாறைக் கல்யாணத்துக்குச் சத்தம் வந்த கதை

கோணப்பாறைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் சிக்கல்.

அந்த ஊரில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் தங்கவடிவேல். வயர் இழுப்பது நைனார். யோசிப்பது சவரிமுத்து. மூவரும் செல்வமணியின் கல்யாணத்தை நேரலையில் காட்ட ஒப்புக்கொண்டிருந்தார்கள். செல்வமணியின் அண்ணன் கருத்தபாண்டி தோஹாவில் இருக்கிறார். லீவு கிடைக்கவில்லை. "தங்கச்சி கழுத்துல தாலி ஏறும்போது மேளச் சத்தத்தையாவது என் காதுல போட்டுருங்கய்யா" என்று போனில் அழாத குறையாகக் கேட்டிருந்தார்.

கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கேப்சர் கார்டு என்று ஒரு சின்ன டப்பா. படமும் சத்தமும் அது வழியாகத்தான் போக வேண்டும். கல்யாணத்தன்று காலையில் படம் பளிச்சென்று போனது. சத்தம் மட்டும் போகவில்லை.

"எல்லாரும் வாயை வாயை அசைக்கிறீங்க, ஒண்ணும் கேக்கலையே" என்றார் தோஹாக்காரர்.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் செழியன், ஓசூரில் வேலை பார்ப்பவன். அவனுக்குப் போன் போட்டார்கள்.

"லினக்ஸ்ல அப்படித்தாண்ணே. படம் ஒரு வழியா வரும், சத்தம் தனியா வரும். நாமதான் ரெண்டையும் சேர்த்து வைக்கணும்" என்றான்.

மூவரும் கவலையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தனியாவா வருது? மண்டபத்துக்கு வழி தெரியுமா?" என்றார் நைனார்.

"அதுக்குத்தான் நீ வாசல்ல போய் நில்லு. சந்தனம் கொடுத்துக் கூட்டிட்டு வா. மரியாதை இல்லேன்னா திரும்பிப் போயிடும்" என்றார் சவரிமுத்து.

நைனார் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் "சத்தம் நீங்களா?" என்று விசாரித்தார். கடைசியில் பெண்ணின் பெரியப்பா ஒருவர், பத்திரிகையில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு வந்தார். நைனார் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"சேர்த்து வச்சாச்சு தம்பி. ஆனா இன்னும் ஒட்டலை" என்று தங்கவடிவேல் போனில் சொன்னார்.

செழியனுக்கு முகூர்த்த நேரம் நெருங்குகிற பதற்றம். "சரிண்ணே, டெர்மினலைத் திறங்க." கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத்தான் சொன்னான்.

"டெர்மினல்னா பஸ் ஸ்டாண்டு. அதுக்குக் கதவே கிடையாதே" என்றார் நைனார்.

"அது எப்பவும் திறந்துதான் இருக்கு தம்பி" என்று தங்கவடிவேல் போனில் பதில் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அதுல அல்சா மிக்சர்னு அடிங்க."

அல்சா மிக்சர் என்பது கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற புரோகிராம். மண்டப இரைச்சலில் மூன்று பேர் காதிலும் அது அல்வா மிக்சர் என்றுதான் விழுந்தது. நைனார் சைக்கிளில் பறந்து பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து இரண்டையும் வாங்கிவந்தார்.

"அடிங்கன்னானே, எதை முதல்ல அடிக்கிறது?" என்று தங்கவடிவேல் கேட்டார்.

சவரிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "இனிப்புதான் முதல்ல. கல்யாண வீடு பாரு."

போனில் இவர்கள் பேச்சைக் கேட்டுப் பயந்துபோன செழியன், "யாரும் எதையும் தொடாதீங்கண்ணே, நானே இங்கேருந்து பாக்குறேன்" என்று இண்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். அமுங்கிக் கிடந்த சத்தத்தைத் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து இங்கே மிக்சர் தீர்ந்தது.

"கேக்குது! கேக்குது!" என்று தோஹாவில் கருத்தபாண்டி துள்ளினார்.

"காராபூந்தி கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. அதான் சட்டுனு வேலை செஞ்சிருக்கு" என்றார் சவரிமுத்து.

ஆனால் கருத்தபாண்டிக்கு இன்னும் ஒரு குறை. "எல்லாம் சரி, படம் முன்னாடி வருது, சத்தம் பின்னாடி வருது. அதை மட்டும் பாருங்கப்பா."

மூவரும் மணமேடையை உற்றுப் பார்த்தார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் இருந்தார்கள். மேளக்காரர்கள் பின்னால் இருந்தார்கள்.

"தோஹாவுல இருந்துக்கிட்டு எவ்வளவு கரெக்டா கண்டுபிடிச்சிருக்கார் பாரு!" என்று நைனார் வியந்தார்.

ஐயரிடம் கெஞ்சி, மாப்பிள்ளையிடம் மன்றாடி, இடத்தை மாற்றினார்கள். தவில்காரரை ஜமக்காளத்தோடு இழுத்துவந்து கேமராவுக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் போனார்கள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

தோஹாவில் கருத்தபாண்டிக்குக் கண்ணீர் பொங்கியது. அவரும் கோணப்பாறையில் பிறந்து வளர்ந்தவர்தானே. திரை முழுக்க நிறைந்திருந்த பட்டுச் சால்வையையும் வெள்ளை மீசையையும் பார்த்தார். போட்டோவில் பார்த்ததற்குக் கொஞ்சம் வயது கூடத் தெரிகிறது, கல்யாண அலைச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்ளே, எங்க செல்வமணியைக் கண்கலங்காம பாத்துக்கங்க" என்றார் தழுதழுத்த குரலில்.

தங்கவடிவேல் போனைத் தவில்காரர் காதோரம் பிடித்தார். பேரன் பேத்தி எடுத்த மனிதர். அவருக்கும் கோணப்பாறைதான். அடிப்பதை நிறுத்தி, அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆகட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.