கம்பியில்லாத வீதியில் டிராம்

தாழைப்பட்டினத்தில் மின்சார டிராம் கம்பெனி ஒன்று இருந்தது. மூன்றே ஆண்டுகள்தான் ஓடியது. அதற்குள் இப்படி ஒரு வழக்கை ஊருக்கு விட்டுச் சென்றது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

டிராம் ஓட்டிய இருதயராஜுக்கு அந்த வண்டியின்மேல் உயிர். ஆனால் அது அடிக்கடி நின்றுவிடும். நின்ற இடத்தில் "எல்லாரும் இறங்குங்க" என்பார். சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். சில நாள் மீதி வழியை நடந்தே கடப்பார்கள். புகார் பெருகவே நகராட்சி ஒரு நிபந்தனை போட்டது. நாள்தோறும் பொழுது சாய்வதற்குள் ஒரு வண்டியாவது ரயிலடியிலிருந்து கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். சீட்டு வாங்கிய பயணி ஒருவராவது இடையில் இறங்காமல் அதில் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உரிமம் ரத்து. உரிமம் போனால் இருதயராஜ் பழையபடி மாட்டு வண்டிதான் ஓட்ட வேண்டும்.

அந்த ஆண்டு ஊர்க் கோயிலுக்குப் புதுத் தேர் செய்தார்கள். டிராம் கம்பியைவிடத் தேர் உயரம். கோயில் தர்மகர்த்தா கேட்டுக்கொண்டதால், கம்பெனியின் கம்பிக்காரர் வேலாண்டி தேரோட்டத்தன்று விடியுமுன்னே கீழவீதிக் கம்பியை இறக்கிவைத்தார். தேர் நிலைக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. கம்பியை மறுபடி ஏற்ற மறுநாள் ஆகும். வீதிக்கு முன்னும் பின்னும் கம்பியில் மின்சாரம் உண்டு, அந்த வீதியில்தான் இல்லை.

"வேகமா விட்டா, வந்த வேகத்துலயே தாண்டிரும்" என்று இருதயராஜ் வண்டியை விரட்டினார். தேர் கிளப்பிய மண் தண்டவாளத்தை மூடியிருந்தது. பாதி வீதியில் வண்டி நின்றது. பழக்க தோஷத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது: "எல்லாரும் இறங்குங்க!"

இறங்கினார்கள். கருவாடு விற்றுத் திரும்பும் சுடலைவடிவு மட்டும் அசையவில்லை.

"கடற்கரைக்குல்லா சீட்டு வாங்கியிருக்கேன். நடந்து போறதுக்கு டிராம் எதுக்கு அண்ணாச்சி?"

தேர்வடம் இழுத்துக் களைத்தவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் தலைவர் மாசானம் எழுந்து வந்தார். "அவ்வளவு பெரிய தேரையே இழுத்தாச்சு, இந்தத் தகரப் பொட்டி எம்மாத்திரம்? வடத்தைக் கட்டுங்கடே!" பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏளா, அந்தக் கூடையையாவது இறக்கேன். பாரமும் குறையும், வாடையும் குறையும்."

சுடலைவடிவு கூடையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இப்பம் கூடைப் பாரம் எனக்கு. நீரு இழும்."

சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். கம்பி இருக்கும் இடம் வந்ததும் வண்டிக்கு உயிர் வந்தது, இறங்கியவர்கள் ஏறிக்கொண்டார்கள். மாசானமும், வேடிக்கை பார்த்து நின்ற தர்மகர்த்தாவும் வேலாண்டியும் கூடவே ஏறினார்கள். கடற்கரையில் காத்திருந்த நகராட்சி அதிகாரி உள்ளே ஏறிப் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், "நிபந்தனை நிறைவேறியது" என்றார். சூரியன் அப்போதும் தென்னைகளுக்கு மேலேதான் நின்றது.

தேரால் கம்பெனி கெட்டது என்ற பழி வராததில் தர்மகர்த்தாவுக்கு மகிழ்ச்சி. "உரிமம் யாரால் பிழைத்ததோ, அவருக்குத் தேரில் சுவாமிக்குச் சாத்திய இந்த மாலை" என்று கையிலிருந்ததைக் காட்டினார்.

"கம்பிய ஒழுங்கா இறக்கலேன்னா தேரே நகர்ந்திருக்காது" என்றார் வேலாண்டி.

"பாதி வீதிவரை கொண்டாந்தது யாரு?" என்றார் இருதயராஜ்.

"மீதிப் பாதிய உம்ம மின்சாரமா இழுத்துச்சு?" என்றார் மாசானம்.

சுடலைவடிவு எதுவும் கேட்கவில்லை. அவள் கூடையோடு வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள்.

மாலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சுடலைவடிவுக்கு. வேலாண்டி தேருக்கு வழிவிட்டார். உரிமத்துக்கு ஆபத்து வந்ததே அதனால்தான். இருதயராஜால் முடியாததை மாசானம் முடித்தார். மாசானம் வராவிட்டாலும் இறங்கிய பயணிகள் தள்ளியிருப்பார்கள். ஆனால் வண்டி காலியாகியிருந்தால், ஊரே சேர்ந்து இழுத்தும் பயனில்லை. எல்லாரும் இறங்கியபின் அவளுக்கு மாற்று ஒருவரும் இல்லை. நிபந்தனையை நினைத்தா செய்தாள்? இல்லை. தர்மகர்த்தா கேட்டது யார் நினைத்தார் என்றல்ல, யாரால் பிழைத்தது என்று. இதை முதலில் ஒப்புக்கொண்டவர் இருதயராஜ்தான். இறங்கச் சொன்ன வாய் அவருடையதாயிற்றே. மாலையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

"எனக்கு எதுக்கு மாலை?"

"நீ இறங்காம இருந்ததுக்கு."

சுடலைவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசத்தைச் சொல்லும் அண்ணாச்சி, வண்டி தள்ள ஆள் வேணுமா?"