தபால்தலை அளவுத் தேர்

சபாநாயகம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு போட்டோ பிடிக்கக் கிளம்பியவர். அவருடைய குரு எஸ்தர் ராணி, வயதில் அவர் மகளைவிடச் சின்னவள். கீழவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். சீடர் வந்தால் எழுந்து நாற்காலி போடுவாள். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யமே கிடையாது.

தேருக்கு முதல் நாள் காலையில், பையில் இரண்டு லென்ஸோடு வந்து நின்றார் மனுஷர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணைச் சாயங்காலம் கடையில திருப்பிக் கொடுத்தாகணும் மேடம். எதை வெச்சுக்கிறது?"

"என்ன குழப்பம்?"

"அகல லென்ஸைப் போட்டா தேர் முழுசா வருது, அஞ்சுகம் எறும்பா போயிடுறா. இந்த ஃபிப்டி எம்.எம். லென்ஸைப் போட்டா அவ வர்றா, தேர் காணாம போயிடுது. என் கேமராவுக்குள்ள படம் விழுற சென்சார் சின்னது. எல்லாத்தையும் ஓரத்துல வெட்டித் தள்ளிடுது, பாவி."

அஞ்சுகம் அவர் மனைவி. கொஞ்ச காலமாகவே புற்றுநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வடம் பிடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அடுத்த தேருக்கு நான் இருக்கேனோ என்னவோ. தேரும் நானுமா ஒரு படம் எடுத்துக் கொடுங்க" என்று புருஷனிடம் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

எஸ்தர் ஃபிப்டியை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். ஜன்னலை லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, அந்த இடுக்கில் ஃபிப்டியைப் பிடித்தாள். அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

அடேயப்பா! தாளில் வட்டமாக வீதி வந்து விழுந்தது, தலைகீழாக. எதிரே நின்ற தேர், ஆள் உயரச் சக்கரம், காற்றில் ஆடும் சிவப்புத் துணி, அத்தனையும் உயிரோடு. சபாநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

"இவ்வளவுமா இதுக்குள்ள இருந்துச்சு?"

"லென்ஸ் இவ்வளவையும் கொண்டுவந்து கொட்டத்தான் செய்யுது. உங்க கேமரா எடுத்துக்கிறது இவ்வளவுதான்." தாளை விலக்கிவிட்டுத் தபால்தலை அளவுக்குக் கத்தரித்த ஓர் அட்டையை அவர் கையில் கொடுத்தாள். "இதுல புடிங்க."

பிடித்தார். சக்கரத்தில் பாதி வந்தது. நகர்த்தினால் துணியில் ஒரு முழம் வந்தது. தேர் அகப்படுவேனா என்றது.

அப்போது வீதியில் அஞ்சுகம் வந்தாள், கையில் காய்கறிப் பையோடு. தேருக்கு முன்னால் நீளக் கிடந்த வடத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தேருக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

தேராவது நகர்வதாவது! ஆனாலும் விடவில்லை அவள்.

அட்டையில் அவள் கட்டைவிரல் அளவுக்கு இருந்தாள். சபாநாயகம் மூச்சுகூட விடவில்லை. அட்டை அவளைவிட்டு இம்மியும் விலகவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"ஆத்தாடி! இத்தனை பலத்தை எங்க வெச்சிருந்தா இவ?"

அஞ்சுகம் வடத்தை விட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடியே பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். எஸ்தர் ஜன்னலை அகலத் திறந்தாள்.

"இந்த லென்ஸ்தான் மேடம். ஆனா தேர் இல்லாம போச்சே! தேரோடதானே அவ கேட்டா?"

"நாளைக்கு வடம் புடிக்கிறப்ப அம்மா தேரைப் பார்ப்பாங்களா சார்?"

"எப்படிப் பார்ப்பா? அது முதுகுக்குப் பின்னாடியில்ல வரும்."

"அப்ப தேர் வருதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சபாநாயகம் வடம் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் மூடிப் பார்த்தார்.

"வடம் இழுக்கும்ல. கையில தெரியும்."

"அந்தக் கையைப் படம் எடுங்க சார்" என்றாள் எஸ்தர்.