கொடியடுப்பில் படுத்த பூனை

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது ஞானப்பூ அக்கா. எங்கள் கோவில் அசனத்துக்கு ஊர் சேர்ந்து சோறு பொங்குகிற நாளில், பெரிய அண்டாவுக்குப் பொறுப்பு அவர்தான். என் இளைய மகள் கைக்குழந்தையாக இருந்த ஐப்பசி அது. வெளியே விடாத மழை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்போரம் வந்து சுருண்ட பூனையைக் காலால் தள்ளப் போனேன். "தள்ளாத. அது ஏன் அங்க வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அண்டாவைக் கிண்டியபடியே சொன்னார். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் மறதி.

மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. காக்கை வழி சொல்லும். ஆடு நியாயம் கேட்கும். பூனை எல்லாவற்றுக்கும் மறுபேச்சுப் பேசும். பூனைக்கு அப்போது வீடு என்று ஒன்று கிடையாது. வைக்கோல் படப்புக்குள் துளை போட்டுப் படுத்துக்கொள்ளும், பசித்தால் எந்த வீட்டிலாவது சட்டியை உருட்டும்.

மலையடிவாரத்தில், ஓடைக்கு அக்கரையில், தனியாக ஒரு வீடு இருந்தது. அதில் மாடத்தி என்பவளும் அவள் கணவன் சங்கிலியும் குடியிருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் மற்றவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். துணி காயாது, மாடு கன்று வெளியே போக முடியாது, எங்கே பார்த்தாலும் சேறு. மாடத்திக்கு மட்டும் வருஷத்தில் பிடித்த மாதமே அதுதான். ஆவணியிலேயே ஏற்பாட்டைத் தொடங்கிவிடுவாள். கொள்ளுப் பயறான காணத்தை வெயிலில் உலர்த்திப் பானையில் கட்டுவாள். சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாம் உறியில் ஏறிவிடும். முதல் மழை ஓலைக்கூரையில் விழுகிற சத்தம் கேட்டதும் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போவாள். காணம் வறுபடுகிற வாசம் ஓடையைத் தாண்டிப் போகும். சீனிக்கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவைத்து, தோல் கருகியதும் எடுத்து, ஊதி ஊதிப் பிட்டுத் தருவாள். உளுந்தங்களியின் நடுவில் விரலால் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றுவாள். மழைக்கு வேலை ஓய்ந்துபோன சங்கிலி அடுப்புக்கு எதிரே குந்தியிருந்து, "இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்ளா" என்பான்.

அந்த வருஷம் மகள் நாச்சியார் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பிறந்தது பெண் குழந்தை. ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முயல்குட்டி அளவுதான் இருந்தது பிள்ளை. பேறு பார்த்த மருத்துவச்சி போகும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: "தாய்க்குச் சூடா பூண்டு மிளகுச் சாறு ரெண்டு வேளை போகணும். பிள்ளை உடம்பு குளிரக் கூடாது. மழை விடுற வரைக்கும் இந்த அடுப்பு அணையக் கூடாது, மாடத்தி. அணைஞ்சா என்னைக் குத்தம் சொல்லாத."

அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. உலை கொதிக்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் தூங்கும். பிறந்த நேரத்தில் கேட்ட முதல் சத்தம் அதுதான் போல. பானை இறங்கினால் முழித்துக்கொள்ளும்.

நெருப்பு அப்போதெல்லாம் சுலபமாகக் கிடைக்காது. கட்டையைக் கட்டையோடு கடைந்து எடுக்க வேண்டும். மழை ஈரத்தில் அதுவும் வராது. ஒரு வீட்டில் அணைந்தால் அடுத்த வீட்டில் போய்க் கங்கு வாங்கி வருவார்கள். மாடத்திக்கு அடுத்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். மாட்டை மேட்டுக்குப் பத்திக்கொண்டு போன சங்கிலியும் அந்தப் பக்கம்தான் மாட்டிக்கொண்டான். ஓடையில் வெள்ளம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மழையின் மூன்றாம் நாள் காலையில் வாசல் படலை யாரோ பிறாண்டினார்கள்.

"மதினி."

"யாரது?"

"நான்தான், பூனை. படப்புக்குள்ள தண்ணி வந்துட்டு."

"மரத்துல ஏறிக்கோ."

"மரமும் நனைஞ்சுதான் நிக்குது, மதினி."

"மதினி மதினின்னு வாரியே, நீ எனக்கு எந்த ஊரு நாத்தனா? போன மாசம் அயிரை மீன் குழம்புல வாய வச்சது யாரு?"

பூனை சற்று யோசித்தது. "அதுல புளி கொஞ்சம் தூக்கல், மதினி."

உள்ளே படுத்திருந்த நாச்சியார் சிரித்துவிட்டாள். "உள்ள விடும்மா, பாவம்."

"நீ சும்மா கிட. உள்ள வந்தா பால்சட்டிக்கு யாரு காவல்?" என்று சொல்லி மாடத்தி படலை இழுத்துக் கட்டினாள்.

அந்த வீட்டு அடுப்புக்கு இரண்டு வாய். விறகு வைத்து எரிக்கிறது பெரிய அடுப்பு. அதை ஒட்டினாற்போல், தனியாகத் தீ வைக்காமல் பெரிய அடுப்பின் சூட்டையே வாங்கிக்கொள்கிறது கொடியடுப்பு. உச்சி நேரத்தில், பெரிய அடுப்பில் உலை கொதிக்க, பிள்ளை தூங்க, மாடத்தி தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் மோந்துவரப் பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கொடியடுப்புச் சாம்பலுக்குள் பூனை சுருண்டு கிடந்தது. காலையில்தான் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்ட அடுப்பு. கோலத்தின் மேல் நாலு சேற்றுக் கால்தடம்.

மாடத்திக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "சவத்து மூதி!" என்று கத்தி, கையில் இருந்த செம்புத் தண்ணீரை ஓங்கி வீசினாள்.

பூனை தலையைத் தாழ்த்திக்கொண்டது. தண்ணீர் அதைத் தாண்டிப் போய்ப் பெரிய அடுப்பில் விழுந்தது.

சொய்யென்று ஒரு சத்தம். சாம்பலும் புகையும் கிளம்பி அடங்கின. உலை கொதிப்பது நின்றது. வீட்டுக்குள் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிள்ளை முழித்து அழ ஆரம்பித்தது.

மாடத்தி செம்பைப் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினாள். குச்சியால் கிளறினாள். எல்லாம் கரி. கட்டையை எடுத்து உள்ளங்கை கொப்பளிக்கும்வரை கடைந்தாள். புகைகூட வரவில்லை. ஓடைக்கரைக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. நனைந்து திரும்பி வந்தபோது நாச்சியார் பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் சில்லுன்னு ஆகுதும்மா."

மாடத்தி அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டுக் கைகூப்பினாள். "சாமி, கோவத்துல கைய ஓங்கிட்டேன். தப்பு என்னோடது. அந்தப் பிள்ளை என்ன செஞ்சது?"

"மதினி, மெதுவா," என்றது பூனை. அது இன்னும் கொடியடுப்பிலேயே கிடந்தது. "எனக்கு அடியில என்னமோ சுடுது."

மாடத்தி குனிந்து பார்த்தாள். பூனையின் வயிற்றுக்குக் கீழே, சாம்பலுக்குள், பெரிய அடுப்பிலிருந்து துளை வழியாக உருண்டு வந்த ஒரு கங்கு புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்திருந்தது.

"வெளிய வா, நான் எடுத்துக்கிடுதேன்."

"வந்தா போச்சு. மேல பாரு."

கூரை ஓலையிலிருந்து கொடியடுப்புக்கு நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் பூனையின் முதுகில் விழுந்து தெறித்தது.

"இதை எதுல பத்த வைக்கப் போற?" என்று பூனை கேட்டது.

மாடத்தி தேங்காய் நாரை எடுத்துப் பார்த்தாள். ஈரம். விறகு ஈரம். கூரையில் செருகியிருந்த தென்னம்பன்னாடையும் ஈரம்.

"நார் காயட்டும். அதுவரைக்கும் நான் இப்படியே கிடக்கேன்."

"உனக்குச் சுடாதா?"

"சுடத்தான் செய்யும். பேச்ச வளர்க்காத மதினி. நான் பேசப் பேச மூச்சு பட்டு, கங்கு வேகமா எரியுது. பொழுது சாயுற முன்னால தீந்துபோயிரும். இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டு இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. மூச்சு கங்கின் மேல் படாதபடி வாலை இழுத்து மூக்கை மூடிக்கொண்டது.

அம்மாவும் மகளும் நாரை உதிர்த்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். மாடத்தி வயிற்றோடு சேர்த்து முந்தானையால் கட்டிக்கொண்டாள். நாச்சியார் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். உடம்புச் சூட்டைத் தவிர அந்த வீட்டில் வேறு சூடு இல்லை.

பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அழ அழக் குரல் மெலிந்தது. பூனையின் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. படப்புக்குள் படுத்திருந்த அத்தனை மழைக்காலத்திலும், சுவருக்கு வெளியே இருந்து அது கேட்டதெல்லாம் மாடத்தியின் உலைச் சத்தத்தைத்தான். அது பூனைக்கு மனப்பாடம். வாயைத் திறக்காமல், மூச்சை விட்டும் விடாமலும், நெஞ்சுக்குள்ளேயே அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தது.

குர்ர்... குர்ர்... குர்ர்...

நாச்சியார் தலையைத் தூக்கினாள். "அம்மா, உலை கொதிக்குதா?"

"இல்லையே," என்றாள் மாடத்தி. பிறகு கொடியடுப்பைப் பார்த்தாள்.

பிள்ளை விசும்பியது. விசும்பல் நின்றது. தாயின் மார்பில் முகத்தைப் பதித்துத் தூங்கிப்போனது.

சாயங்காலம் வரைக்கும் பூனை நிறுத்தவில்லை. முதுகில் சொட்டு விழும்போது தோல் சிலிர்க்கும். அடியில் கங்கு சுடும்போது கண்ணை இறுக்கிக்கொள்ளும். இடம் மட்டும் மாறவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நார் மொறுமொறுவென்று ஆகிவிட்டது. மாடத்தி அதைக் கூடுபோல் சுருட்டிக் கொண்டுவந்து, "எந்திரி தாயி" என்றாள். பூனை எழுந்து நகர்ந்தது. கங்கு மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாடத்தி அதை நாருக்குள் வைத்து, சாமியை நினைத்துக்கொண்டு ஊதினாள். மூன்றாவது ஊதலில் தீ பிடித்தது.

உலை ஏறியது. காணம் வெந்தது. பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட சாறு கொதித்து வாசம் வீடெல்லாம் பரவியது. நாச்சியார் சூடாகக் குடித்தாள், நெற்றி வேர்த்தது, பால் சுரந்தது. பிள்ளையின் பாதம் சூடாகிச் சிவந்தது.

மாடத்தி முதல் அகப்பைக் கஞ்சியை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்துப் பூனைக்கு முன்னால் வைத்தாள். "சாப்பிடு நாத்தனா. சாப்பிட்டுட்டு உப்பு கூடுதலா கம்மியான்னு சொல்லு. என்ன சொன்னாலும் இன்னைக்குக் கேட்டுக்கிடுதேன்."

பூனை நக்கிக் குடித்தது. நிமிர்ந்து வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. மியாவ் என்று ஒரு சத்தம் வந்தது. அதுவே திகைத்துப்போய் இன்னொரு தடவை திறந்தது. அப்போதும் மியாவ்தான். பகல் முழுவதும் அடக்கிவைத்த பேச்சு கங்குச் சூட்டில் வற்றிப்போயிருந்தது.

மாடத்தி காத்திருந்தாள். "புளியாவது சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

பூனை அவளைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொடியடுப்பில் போய்ச் சுருண்டது. நெஞ்சுக்குள் உலை கொதித்தது. அவள் கை அதன் முதுகில் பட்டதும் இன்னும் பலமாகக் கொதித்தது.

இரண்டு நாள் கழித்து, வெள்ளம் வடிந்து சங்கிலி வந்துசேர்ந்தான். ஈரத் தலையோடு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "யாருளா இது, அடுப்புக்குள்ள?" என்றான்.

"உங்க தங்கச்சிதான். எழுப்பிராதீங்க," என்றாள் மாடத்தி.

பூனை பேச்சை விட்டது அந்த ஐப்பசியில்தான். அடுப்புச் சூட்டைத் தேடி வருவதும், வாலால் மூக்கை மூடிச் சுருள்வதும், கதகதப்பான மடி கிடைத்தால் வாயைத் திறக்காமல் நெஞ்சுக்குள் உலை கொதிக்கவிடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

உங்கள் வீட்டில் இப்போது காஸ் அடுப்புதான் இருக்கும். இருக்கட்டும். மழைக்கு ஒதுங்கிப் பூனை அடுப்படிக்கு வந்தால், கையில் இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள்.