கரிச்சான் அனுப்பிய மிக்ஸ்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி டிஜேவாக இருந்தது. குயில் கூவல், மயில் அகவல், தவளைக் கச்சேரி என எதைக் கேட்டாலும் அப்படியே பாடும். எல்லாவற்றையும் கோத்து மிக்ஸ் போட்டால் கிழட்டு யானைகூடத் தலையாட்டும்.

ஆனால் அதற்கு ஒரு குறை. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பழைய பாட்டு தொண்டையை விட்டுப் போகாது. ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இழுக்கும். பிறகுதான் புதியது வரும்.

அக்கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. மான்கள் தலை குனிந்து மேயும்போது மரத்தின்மேல் ஒரு டிஜே பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு கேட்கும்வரை பயமில்லை. சிறுத்தையைக் கண்டால் டிஜே அந்தக் கணமே அபாயக் குரலுக்கு மாற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. “மிக்ஸைப் பதிவு செய்து அனுப்புங்கள்!” என்று மான்கள் சொல்லியனுப்பின.

கரிச்சானுக்கு ஆசை வந்துவிட்டது. பாடிப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தது. அங்கங்கே இழுவை! அதன் முகம் தொங்கிப் போயிற்று.

கணினி வைத்திருந்த அணில் ஓடி வந்தது. “இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்கண்ணே? சாஃப்ட்வேர்ல போட்டா இழுவையெல்லாம் போயிடும். எல்லா டிஜேவும் செய்யறதுதானே!”

“மான்களுக்குத் தெரிஞ்சா?”

“யாரு சொல்லப்போறா? நீங்களா, நானா?”

இன்னும் கொஞ்ச நாள் பாடிப் பழகலாமே என்று கரிச்சானின் மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் அதுவரை அந்த வேலை காத்திருக்குமா! திருத்திய மிக்ஸ் ஆற்றைக் கடந்து போனது.

“ஒரு இடத்துலகூடப் பிசிறு இல்லையே! நீயே வா தம்பி!” என்று மான்கள் கூப்பிட்டன. பெண்மான் ஒன்றுக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. இத்தனை நாள் காலடியிலேயே வைத்திருந்த தன் குட்டியை, புல்வெளியின் ஓரம்வரை துள்ளி விளையாட விட்டது.

பாட்டு மாற்றினால் இழுவை தெரிந்துவிடும் என்று கரிச்சான் ஒரு நாளைக்கு ஒரே பாட்டைத்தான் பாடிவந்தது. ஒருநாள் காலை. கரிச்சான் குயில்போலக் கூவிக்கொண்டிருந்தது. ஓரத்துப் புதர் அசைந்தது. சிறுத்தை! கரிச்சான் பார்த்துவிட்டது. கத்த வாயைத் திறந்தது. வந்தது என்னவோ குயிலின் கூவல்தான். அதை உதறிவிட்டு அபாயக் குரல் கொடுப்பதற்குள் சிறுத்தை பாய்ந்துவிட்டது. பெரிய மான்கள் ஓடித் தப்பின. ஓரத்தில் நின்ற குட்டி தப்பவில்லை.

வெயில் ஏறியபின் தாய்மான் மரத்தடிக்கு வந்தது. திட்டவில்லை. “தம்பி, இன்னிக்குத்தான் இப்படி ஆச்சா?” என்று மட்டும் கேட்டது.

பொய் சொல்லக் கரிச்சானுக்கு வாய் வரவில்லை. “இல்லக்கா. எப்பவுமே இப்படித்தான். உங்களுக்கு அனுப்பினதுல திருத்திட்டேன்.”

தாய்மான் புல்வெளியின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தது.

“உன் பாட்டு இழுக்கும்னு தெரிஞ்சிருந்தாலும் உன்னத்தான் கூப்பிட்டிருப்போம், தம்பி. குட்டிய மட்டும் என் பக்கத்துலயே வெச்சிருந்திருப்பேன்.”

நம்மை நம்பியிருப்பவர்களிடம் நம் குறையைத் திருத்தி மறைத்தால், அதற்கான விலையை அவர்கள்தான் கொடுக்க நேரும்.