மாங்கொட்டைக் கரியும் மூன்றாம் எண் படிவமும்

தீர்த்தகிரி தன் ஆசிரியையிடம் ஒரு கையெழுத்து வாங்கப் போனார். கூடவே ஒரு கேள்வியும் கொண்டுபோனார்.

இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வேதியியல் துறையில் வேலை பார்த்தார்கள். சகாயமேரி துறைத்தலைவர். தீர்த்தகிரி இணைப் பேராசிரியர். வயதில் தீர்த்தகிரிதான் இரண்டு ஆண்டு மூத்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்கு சகாயமேரியிடம் மாணவராகச் சேர்ந்தார். பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் அந்த அறைக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விட்டுவிடுவார்.

"போட்டுக்கிட்டே வாங்க தீர்த்தகிரி. இது கோயில் இல்ல, டிபார்ட்மென்ட்" என்று சகாயமேரி அன்றும் சொன்னார்.

தீர்த்தகிரி அன்றும் கேட்கவில்லை. வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து, மூன்றாம் எண் படிவத்தை மேசையில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் அது பறந்தது. சகாயமேரி மர ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அந்த ஊரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள். சீசனில் மாங்கொட்டை சாலையோரம் குவிந்து நாறும். அதே ஊரில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பள்ளிப் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்புக் கறை. தீர்த்தகிரி நான்கு ஆண்டுகள் உழைத்து, மாங்கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியில் தண்ணீரை வடியவிட்டு ஃபுளோரைடைக் குறைத்தார். ஆய்விதழில் கட்டுரை வந்தது. கோவையிலிருந்து வடிகட்டி செய்யும் நிறுவனம் ஒன்று உரிமம் கேட்டது. வெள்ளிக்கிழமை அவர்கள் ஆள் வருவதாக இருந்தது.

கண்டுபிடிப்பால் வருமானம் வந்தால் கண்டுபிடித்தவருக்கு நூற்றுக்கு அறுபது பங்கு, கல்லூரிக்கு நாற்பது என்பது கல்லூரியின் ஆராய்ச்சிக் கொள்கை. அதற்கான படிவத்தில் கொள்கைக் குழுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். குழுத் தலைவர் சகாயமேரி.

"மேடம், இந்தக் கரி யாருக்குச் சொந்தம்?" என்று தீர்த்தகிரி கேட்டார்.

"படிவத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"கண்டுபிடிப்பாளர், தீர்த்தகிரி. வேற யாரும் இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி?"

"கல்லூரிக்கு எதுக்கு நாற்பது? கல்லூரி என்ன செஞ்சுது? ஒரு ஸ்டூல் கேட்டா ஆறு மாசம். ஒரு பல்பு கேட்டா மூணு கொட்டேஷன். நாலு வருசமா நான் ஒருத்தன்தானே கிடந்து அல்லாடினேன்?"

சகாயமேரி ஸ்கேலை நகர்த்தினார். படிவத்தைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். செய்முறை எழுத வேண்டிய பக்கம்.

"இது நீங்க எழுதினதா?"

"கட்டுரையில இருந்தது அப்படியே."

"இதுல இருக்கிறபடி ஒரு கைப்பிடி கரி செஞ்சு கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன்."

தீர்த்தகிரிக்கு முகம் சுருங்கியது. "எம்மேல சந்தேகமா மேடம்?"

"நீங்களே செய்யணும். வேற ஆள் கை படக்கூடாது."

"நாலு வருசமா செய்யறேன்."

"அப்ப சுலபம்தானே."

அன்று திங்கட்கிழமை. ஆய்வகத்துக்குப் போன தீர்த்தகிரி உதவியாளர் மாதையனைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. பேத்திக்குக் காதுகுத்து என்று மாதையன் மூன்று நாள் விடுப்பில் போயிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாவிக்கொத்தில் பதினொரு சாவிகள். ஒன்பதாவது சாவியில் அலமாரி திறந்தது. சல்லடை அலமாரியில் இல்லை. அரை மணி நேரம் தேடியபின் சன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குவது தெரிந்தது. மாங்கொட்டையைச் சுத்தியலால் உடைத்தார். கட்டைவிரல் நகம் கறுத்தது. உலையில் வைத்துச் சுட்டு எடுத்தார்.

'காய்ச்சி வடித்த நீரில் ஐந்து முறை கழுவுக' என்று செய்முறையில் இருந்தது. மூலையில் நீரைக் காய்ச்சி வடிக்கும் சாதனம் நின்றது. சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். தொட்டுப் பார்த்தார். சூடேறவில்லை. மூடியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஓடுகள் இரண்டு கிடந்தன.

நேற்றுதான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே பேட்டரி கடைக்கு வண்டியை விட்டார்.

"டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு கேன்."

"இன்வெர்ட்டருக்கா சார்?"

"ஆராய்ச்சிக்கு."

"எந்தக் கம்பெனி சார் அது? நம்மகிட்ட ஸ்டாக் இல்லியே" என்றார் கடைக்காரர்.

கழுவி, காயவைத்து, தண்ணீரை வடியவிட்டு அளந்தார். லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் ஃபுளோரைடோடு போன தண்ணீர் மூன்றரையோடு வெளியே வந்தது. ஒன்றுக்கும் கீழே வர வேண்டும். கட்டுரையில் அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் செய்தார். மூன்றரை. புதன்கிழமை கடைக்காரர் கேட்காமலே இரண்டு கேனை எடுத்து வைத்தார். அன்று மூன்று புள்ளி ஆறு.

வியாழக்கிழமை காலை மாதையன் வந்தார். கையில் காதுகுத்து வீட்டு லட்டு. ஐம்பத்தொன்பது வயது. மூன்று மாதத்தில் ஓய்வு. பேசும்போது இடது கையால் வாயை மறைத்துக்கொள்வார். அவர் பல்லும் பழுப்புதான்.

"எடுத்துக்குங்க சார். நெய் லட்டு."

தீர்த்தகிரி ஒன்றை எடுத்துக்கொண்டார். "மாதையண்ணே, உக்காருங்க."

மாதையன் உட்காரவில்லை. உடைந்த கொட்டைகளையும் காலி கேன்களையும் பார்த்தார். தீர்த்தகிரியின் கட்டைவிரலையும் பார்த்தார்.

"நீங்களே செஞ்சீங்களா சார்?"

"மூணு தடவை. ஒண்ணும் வரல. நான் எதையாவது விட்டுட்டேனா?"

மாதையன் காய்ந்த கரியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே. நாளைக்கு கம்பெனி ஆள் வர்றாங்க."

"கோவிச்சுக்கக் கூடாது சார்."

"இல்ல, சொல்லுங்க."

"அந்த மெஷின் ஓடல சார்."

"தெரியும். எப்ப கெட்டுச்சு?"

"நீங்க கரி வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே."

தீர்த்தகிரி லட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப எதுல கழுவினீங்க?"

"பின்னாடி ஹாஸ்டல் போர் தண்ணியில."

"எத்தனை தடவை அப்படிக் கழுவினீங்க?"

"ஒரு தடவை தவிர எல்லாத் தடவையும் சார்."

"அது உப்புத் தண்ணி. பக்கெட்டெல்லாம் வெள்ளை படிஞ்சு கிடக்கும்."

"ஆமா சார். அதே மாதிரிதான் கரியிலயும் படியும். காயவெச்சா வெள்ளையாப் பூக்கும். முதல்ல பயந்துட்டேன். ஒரு தடவை முன்பக்கத்து பைப்புல நல்ல தண்ணி பிடிச்சுக் கழுவிப் பார்த்தேன். பூக்கல. அன்னிக்கு நீங்க மீட்டரைப் பார்த்துட்டு டீ கூடக் குடிக்காமப் போயிட்டீங்க. பூத்த அன்னிக்கெல்லாம் சிரிச்சிருக்கீங்க. அதனால பின்பக்கத்துத் தண்ணியையே வெச்சுக்கிட்டேன். ஒரு ராத்திரி ஊறவும் போட்டேன். அப்பதான் நல்லாப் பூக்குது."

"சுண்ணாம்பு" என்று தீர்த்தகிரி முணுமுணுத்தார். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரியில் படிந்திருக்கிறது. அது ஃபுளோரைடைப் பிடித்திருக்கிறது. முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரிந்த பாடம். வெறும் கரிக்கு இதில் பெரிய வேலையே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மெமோ வருமே சார். டிஸ்டில்டு வாட்டர்னு நீங்க எழுதி ஒட்டியிருந்தீங்க. நான் போர் தண்ணி ஊத்தினேன். கேட்டா என்ன சொல்லுவேன்?" மாதையனின் கை வாயை விட்டு இறங்கவில்லை. "மூணு மாசம்தான் சார் இருக்கு. இப்ப மெமோ விழுந்தா பென்ஷன் ஃபைல் நின்னுடும். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"அண்ணே, இந்தக் கண்டுபிடிப்பே..."

"அதெல்லாம் உங்களுது சார். நான் கழுவினவன். மெமோ இல்லாம அனுப்பிட்டா போதும்."

மாதையன் உடைந்த கொட்டைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டார். "பள்ளிக்கூடத்துக்கு வடிகட்டி வெப்பாங்களா சார், இந்தக் கம்பெனிக்காரங்க?"

"வெப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"பேத்திக்கு இப்பதான் பால்பல் விழுது" என்றார் மாதையன். லட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டுக் கேன்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தீர்த்தகிரி மேசையைத் துடைத்தார். பிறகு புதிய படிவம் ஒன்றை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று இருந்த இடத்தில் 'கடின நீர்' என்று எழுதினார். ஓர் இரவு ஊறவைப்பதையும் சேர்த்தார். முதல் பக்கத்தை முன்பு இருந்தபடியே நிரப்பினார்.

பிற்பகலில் சகாயமேரியின் அறைக்குப் போனார்.

"கரி எங்கே?"

"வரல மேடம். செய்முறையில தப்பு இருந்தது. திருத்திட்டேன்."

சகாயமேரி இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

"கடின நீர். எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

தீர்த்தகிரி பொய் சொல்லப் பழகியவர் இல்லை. நடந்ததை முழுவதும் சொன்னார். பல்லி முட்டையில் ஆரம்பித்து, மாதையன் கேன்களை எடுத்துக்கொண்டு போனதுவரை சொன்னார்.

சகாயமேரி படிவத்தைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல உங்க பேர் மட்டும் இருக்கு."

"அவர் பேரை எழுதினா அவர்தான் மாட்டிக்குவார் மேடம். விதியை மீறித் தண்ணியை மாத்தினார்னு ஆகும். பென்ஷன் நின்னுடும். அவரே வேண்டாம்கிறார். எழுதாம விட்டா நல்லது."

"யாருக்கு?"

தீர்த்தகிரி தன் கறுத்த கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

சகாயமேரி எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். தூசியைத் தட்டி, நடுவில் பிரித்து அவர் முன்னால் வைத்தார். மூன்று கடிதங்கள். கோடு போட்ட தாளில் உருண்டை எழுத்து. வடிசாதனத்தின் சூடேற்றும் கம்பி பழுதாகிவிட்டது, மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு மாதையன், ஆய்வக உதவியாளர். மூன்று கடிதத்திலும் அதே வாசகம். தேதிகள் மட்டும் வேறு. மூன்றின் ஓரத்திலும் பச்சை மையில் ஒரே குறிப்பு இருந்தது. 'நிதி வந்ததும் பார்க்கலாம்.' கீழே சகாயமேரியின் கையெழுத்து.

"மெமோ குடுக்கிறதா இருந்தா முதல் மெமோ எனக்குத்தான்" என்றார்.

"மெஷின் ஓடலைன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா மேடம்?"

"மெஷின் ஓடலைன்னு தெரியும். நீங்க டிஸ்டில்டு வாட்டர்னு எழுதியிருந்தீங்க."

விசிறிக் காற்றில் கோப்பின் தாள்கள் படபடத்தன.

"கல்லூரி என்ன செஞ்சுதுன்னு திங்கக்கிழமை கேட்டீங்களே" என்றார் சகாயமேரி. "மெஷினை ரிப்பேர் பண்ணாம விட்டுச்சு."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"கட்டுரை?" என்றார்.

"திருத்தம் அனுப்பணும்."

"சிரிப்பாங்க."

"ரெண்டு நாள் சிரிப்பாங்க."

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க வந்தா?"

"போர் தண்ணியைக் காட்டுங்க. காட்டறதுக்கு மாதையனையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

தீர்த்தகிரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தில் தன் பெயரை ஒரு தரம் பார்த்தார். அதற்குக் கீழே எழுதப் போனவர் நின்றுவிட்டார்.

கண்டுபிடிப்பில் பங்குள்ளவர்களின் அட்டவணையில் மூன்றே வரிகள். 'ஆசிரியர்' என்று ஒன்று. 'ஆய்வு மாணவர்' என்று ஒன்று. மூன்றாவது வரி 'கல்லூரி'. அதோடு அட்டவணை முடிந்து, அடிக்கோடு கெட்டியாக ஓடியது.

"மேடம், கண்டுபிடிப்பாளர்னா ஆசிரியர், இல்லேன்னா மாணவர்னுதான் கொள்கையில இருக்கு. மாதையன் ரெண்டும் இல்ல. படிவத்துல அவருக்குக் கட்டமே இல்லையே. எங்கே எழுதறது?"

சகாயமேரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த மூன்று வரிகளையும் பார்த்தார்.

"இந்தப் படிவத்தைத் தயார் பண்ணினது யாரு தெரியுமா?"

"கமிட்டி."

"கமிட்டி அன்னிக்கு வரல. கோரத்துக்கு வேண்டிய ஆள் இல்ல. வீட்டுல உக்காந்து நான்தான் கோடு போட்டேன்" என்றார் சகாயமேரி. "அந்த ஸ்கேலை இப்படிக் கொடுங்க."