ஹக்கீமின் ஜன்னல் குடுவை

அகரம்பாடி நவாப் முனீர் கானுக்குத் தும்மல் வந்தால்கூட, அது சூட்டுத் தும்மலா குளிர்ச்சித் தும்மலா என்று ஹக்கீம் சொன்ன பிறகுதான் மூக்கைத் துடைப்பார். அந்த ஹக்கீம் ஷிராஸ் நகரிலிருந்து கப்பலேறி வந்த பாரசீக வைத்தியர். பெயர் பஹ்ராம் ஷிராஸி.

ஹக்கீம் நோயாளியைப் பார்ப்பதில்லை. நோயாளியின் சிறுநீர் கண்ணாடிக் குடுவையில் வரும். கொண்டுவருபவர் நோயாளியின் பெயரையும் தொழிலையும் உரக்கச் சொல்வார். ஹக்கீம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தம் ஜன்னலில் இருக்கும் பெரிய குடுவையோடு ஒப்பிடுவார். ஜன்னல் குடுவையில் இருப்பது அவருடையதே. தினமும் விடியலில் புதிதாக நிரப்பிப் பஞ்சால் அடைத்து வைப்பார்.

"சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி நான்கும் சமமாக அமைந்த மனிதனின் நீர் இது. இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு வியாதி" என்பார்.

அவருடைய பாரசீகத்தைத் தமிழாக்கும் வேலை துபாஷி வேதகிரிக்கு. ஒருநாள் சபையில் ஹக்கீம் கேட்டார்: "என் மருந்து சாப்பிட்டுக் குறை சொன்னவர் ஒருவராவது உண்டா?"

வேதகிரி அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பதிலையும் தாமே சேர்த்தார்: "இல்லை. குறை சொல்ல வேண்டியவர்கள் எழுந்து வரமுடியாத இடத்தில் படுத்திருக்கிறார்கள்."

நவாப் சிரித்துவிட்டார். ஹக்கீமுக்கு அதற்குள் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. அது வேதகிரிக்குத் தெரியாது.

மறுவாரம் வேதகிரிக்கு இருமல். குடுவை போயிற்று. ஹக்கீம் சபையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தமிழிலேயே சொன்னார்: "மூளை வறண்டுவிட்டது ஹுசூர். பைத்தியத்தின் முதல்படி. பெரியவர்களைக் கேலி செய்வது ஒரு அறிகுறி. சில நாள் நேரத்துக்கு வருவார், சில நாள் தாமதமாக வருவார், அது இன்னொரு அறிகுறி. வெள்ளிக்கிழமை உச்சந்தலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வைக்க வேண்டும். பிறகு நாற்பது நாள் இருட்டறை. வாய் திறக்கக் கூடாது."

"உம் நன்மைக்குத்தான் வேதகிரி" என்றார் நவாப். "இரும்புக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்."

வேதகிரி உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "சம்மதம் ஹுசூர். ஒரே ஒரு சந்தேகம். குடுவையைப் பார்த்துச் சொன்னாரா, என் பெயரைக் கேட்டுச் சொன்னாரா?"

"ஐந்நூறு வருஷமாக எங்கள் நூல்களில் எழுதியிருக்கிறது" என்றார் ஹக்கீம்.

"எழுதியதைச் சந்தேகப்படவில்லை. படித்தவரைத்தான் சந்தேகப்படுகிறேன். நாளைக்கு ஐந்து குடுவை தருகிறேன். பார்த்துச் சொல்லட்டும். சொன்னது சரியென்று ஹுசூர் தீர்ப்பளித்தால், இரும்புக்கு நானே துருத்தி ஊதுகிறேன்."

பிறகு நவாபின் காதருகே போய் ஏதோ சொன்னார்.

மறுநாள் காலை ஹக்கீம் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நவாபும் வேதகிரியும் எங்கோ போய் வந்தார்கள். திரும்பியபோது நவாப் தாடிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஐந்து சின்னக் குடுவைகளுக்கும் அவரே முத்திரை வைத்தார்.

சபை கூடியது. ஹக்கீம் தம் ஜன்னல் குடுவையை எடுத்துவரச் செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யானைப்பாகர் முத்தனுடையது" என்று வேதகிரி முதல் குடுவையை நீட்டினார்.

"யானையின் சூடு ஏறியிருக்கிறது. ரோஜா சர்பத் கொடுங்கள்."

"சென்ற மாதம் கல்யாணமான பெண் அலமேலு."

ஹக்கீம் புன்னகைத்தார். "கர்ப்பம். ஆண் குழந்தை."

"துணி வெளுக்கும் மாரி."

"குளத்து ஈரம் நெஞ்சில் இறங்கிவிட்டது. மிளகும் தேனும்."

"கோட்டைச் சமையற்காரர் ரங்கன்."

"கல்லீரலில் புகை. மூன்று நாள் பேதி மருந்து."

"ஐந்தாவது, அடியேன்."

ஹக்கீம் குடுவையைச் சரியாகத் தூக்கக்கூட இல்லை. "நேற்றைவிடக் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைவரை தாங்காது. இன்றே இரும்பு வைக்க வேண்டும்."

"ஆரோக்கியமான குடுவையோடு ஒப்பிட்டீர்களா ஹக்கீம் சாகிப்?" என்றார் நவாப்.

"ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன் ஹுசூர். இதோ பாருங்கள், தேன்போலத் தெளிவு. இதுவல்லவா மனிதன்."

நவாப் தொண்டையைச் செருமினார். "ஐந்து குடுவையும் ஒரே ஆளுடையது. என் கண் முன்னால் ஊற்றியது."

"யார் அந்தப் பாவி?"

"உங்களுடையதுதான். ஜன்னலிலிருந்து எடுத்தோம்."

"இருக்கவே முடியாது" என்று ஹக்கீம் பெரிய குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டார். "என்னுடையது இதோ இருக்கிறது."

வேதகிரி அதை மெதுவாக வாங்கினார். பஞ்சை எடுத்தார். அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டார். சபையில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"சுக்கு கொஞ்சம் தூக்கல்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். "பானகம் ஹுசூர். காலையில் நான் கரைத்து ஊற்றியது."

நவாப் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவி மடியில் விழுந்தது. "ஹக்கீம் சாகிப், உங்களுக்கு யானைச்சூடு இருக்கிறது, நெஞ்சில் ஈரம் இருக்கிறது, கல்லீரலில் புகை இருக்கிறது, வயிற்றில் ஆண் குழந்தையும் இருக்கிறது. இரும்பும் காய்ந்து தயாராக இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

ஹக்கீம் இரண்டு கையாலும் உச்சந்தலையை மூடிக்கொண்டார். "ஹுசூர், இரும்பு வைத்துக் குணமானவரை நான் கண்டதில்லை."

"கண்டதைச் சொல்கிறார்" என்றார் வேதகிரி. "வைத்தியம் இன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது."

இரும்பு காய்ந்த உலை அணைக்கப்பட்டது. அன்றிலிருந்து குடுவைக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று நவாப் உத்தரவிட்டார். எந்த மருந்தானாலும் பத்துப் பேருக்குக் கொடுத்தும் பத்துப் பேருக்குக் கொடுக்காமலும் பார்த்த பிறகே ஹக்கீம் வாய் திறக்க வேண்டும். குணமாகாதவர்களும் சபைக்கு வந்து சொல்ல வேண்டும்.

"உமக்கு என்ன வேண்டும் வேதகிரி?"

"ஹக்கீம் சாகிப் அலமாரியில் இருக்கும், வயிற்றை இளக்கும் இசப்கோல் விதை ஒரு மூட்டை."

நவாப் வியந்தார். "இவருடைய மருந்தா? உமக்கா?"

"நல்ல மருந்து ஹுசூர். பத்து நாள் சாப்பிட்டுப் பார்த்தேன், பத்து நாள் நிறுத்திப் பார்த்தேன். சாப்பிட்ட நாளெல்லாம் சபைக்கு நேரத்தோடு வந்தேன். நிறுத்திய நாளெல்லாம் ஏன் தாமதம் என்று ஹுசூர் கேட்டீர்கள். அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது."